சுதீர் சாரின் அசல் கையெழுத்து

பெங்களூர் அடுகோடியில், பிளைவுட் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் இருக்கும் ஆபீசில் தியோடர் இருபத்திரண்டு வருஷமாக டிராஃப்ட்ஸ்மேன். டிராஃப்ட்ஸ்மேன் என்றால் வீட்டை வரைகிறவர். முதலாளி சுதீர் சார் ஆர்கிடெக்ட். ஆர்கிடெக்ட் என்றால் வரைந்ததைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பாவம், சட்டம் அந்த ஆபீசுக்கு வந்து பார்த்ததே இல்லை.

சுதீர் சார் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தங்கமான மனிதர். ஆறடி இரண்டு அங்குல உயரம், வெண்கலக் குரல், கன்னடமும் தமிழும் கலந்து பத்து நிமிஷம் பேசினால் வீடே வேண்டாம் என்று வந்தவர்கூட மூன்று மாடி கட்டச் சம்மதித்துவிடுவார். அவருக்கு வராத ஒரே விஷயம், ஓரிடத்தில் உட்காருவது. காலையில் வந்து ஃபேனைப் போடுவார், ஃபேன் வேகம் பிடிப்பதற்குள் கிளம்பிவிடுவார்.

2004-இல் ஒரு மழை நாள். ஒரு வீட்டு பிளானை நாலு மணிக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சுதீர் சார் ஏதோ கல்யாணத்தில் மாட்டிக்கொண்டு போன் செய்தார். "தியோ, கையெழுத்த நீயே போட்டுடு. யாரு பாக்கப் போறாங்க?"

தியோடர் போட்டார். யாரும் பார்க்கவில்லை. அடுத்த வீட்டுக்கும் போட்டார். அப்புறம் அது அவர் வேலைகளில் ஒன்றாகிவிட்டது, படம் அச்சடிக்கும் பிளாட்டருக்கு மை மாற்றுவது மாதிரி.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுதீர் சாரின் நிஜக் கையெழுத்து பார்க்கச் சகிக்காது. மையில் விழுந்த எறும்பு தப்பித்து ஓடினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். தியோடருக்குக் கோணலாக ஒரு கோடுகூடப் போட வராது, அது அவர் பிறவிக்கோளாறு. ஆகவே முதல் நாளே அந்தக் கையெழுத்தைக் கொஞ்சம் திருத்தினார். எஸ் எழுத்துக்கு நல்ல வளைவு கொடுத்தார். கடைசி எழுத்தை நீட்டி, அடியில் ஒரு கோடு இழுத்து, இரண்டு புள்ளி வைத்தார். பார்க்க லட்சணமாக, ஒரு பெரிய மனிதரின் கையெழுத்து மாதிரி ஆகிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக ஊர் பார்த்த சுதீர் சார் கையெழுத்து இதுதான்.

அந்தக் கையெழுத்தை அவர் வரைபடத்தில் மட்டும் போடவில்லை. ஆர்கிடெக்ட் ஆக வேண்டுமென்றால் படிப்பின் ஒரு பகுதியாக ஒரு செமஸ்டர் பதிவுபெற்ற ஆர்கிடெக்ட் ஒருவரின் கீழே பயிற்சி எடுக்க வேண்டும். அதற்கு லாக்புக் என்று ஒரு நோட்டு உண்டு. வாரா வாரம் என்ன வேலை செய்தான் என்று எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி, கடைசியில் சர்டிஃபிகேட்டோடு கல்லூரியில் கொடுக்க வேண்டும். அந்த ஆபீசுக்கு வருஷத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பயிற்சிக்குப் பிள்ளைகள் வருவார்கள். சொல்லிக்கொடுப்பவர் தியோடர். திட்டுபவர் தியோடர். லாக்புக்கில் சுதீர் சாராகக் கையெழுத்துப் போடுபவரும் தியோடர்தான். இப்படிப் பத்தொன்பது பேரை அவர் ஆர்கிடெக்ட் ஆக்கிவிட்டார்.

அந்தப் பத்தொன்பது பேரும் கல்யாணப் பத்திரிகை அனுப்பும்போது பெயருக்கு முன்னால், ஆர்கிடெக்ட் என்பதற்குச் சுருக்கமாக, 'ஆர்.' என்று போட்டுத்தான் அனுப்புவார்கள். தியோடர் பத்திரிகையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அந்த 'ஆர்.'ஐப் பார்ப்பார். சிந்து என்ற பெண், சுவருக்கும் தூணுக்கும் வித்தியாசம் தெரியாமல் வந்தவள், அவள்கூட ஆர். சிந்து. அவருக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, எரியத்தான் எரிந்தது. வரைபடத்தின் மூலையில் ஆர்கிடெக்ட் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் தன் பெயரை எழுதி, தன் கையெழுத்தைப் போட வேண்டும். ஒரே ஒரு வீடாவது போதும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆகவே நாற்பத்திரண்டாவது வயதில், கையிலிருந்த டிப்ளமோவை வைத்துக்கொண்டு நுழைவுத்தேர்வு எழுதி, அந்தப் பிள்ளைகள் படித்த, ஹெப்பகோடி தாண்டி இருக்கும் கல்லூரியிலேயே ஐந்து வருஷப் படிப்பில் சேர்ந்தார். முதல் நாள் வாட்ச்மேன் எழுந்து சல்யூட் அடித்தான். ஒரு பையனின் அப்பா, "சார், என் பையனுக்கு ஹாஸ்டல் ரூம் கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். வகுப்பில் எல்லோருக்கும் அவர் 'அங்கிள்'. மாலையில் கல்லூரி விட்டதும் ஆபீசுக்கு வந்து வீடு வரைவார். அவர் மனைவி ஜோசஃபின் பள்ளிக்கூட டீச்சர். ஒக்கலிபுரம் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் ஒரு பக்கம் அவர் வீட்டு மாடல் செய்யத் தெர்மக்கோல் வெட்ட, மறுபக்கம் அவள் பரீட்சைப் பேப்பர் திருத்துவாள். "எனக்கு நாப்பத்தஞ்சு பசங்க. வீட்ல ஒண்ணு எக்ஸ்ட்ரா" என்று சொல்லிக்கொள்வாள்.

ஒருவழியாகக் கடைசியில் பயிற்சி செமஸ்டர் வந்தது. தியோடர் எங்கே போவார்? சுதீர் சாரிடமே சேர்ந்தார். வேலையில் இருப்பவர் பயிற்சி மாணவராக இருக்க முடியாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை ராஜினாமா செய்து, திங்கட்கிழமை பயிற்சி மாணவராகச் சேர்ந்தார். அதே நாற்காலி. அதே மேஜை. சுதீர் சார் கைகுலுக்கி, "வெல்கம் தியோ, ஆபீஸ்ல எங்கென்ன இருக்குன்னு யாரையாவது கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அதே சமயம் தியோடரின் வகுப்பிலிருந்து கிரண் என்ற பையனும் அங்கே பயிற்சிக்கு வந்தான். பயிற்சி மாணவர் தியோடர், பயிற்சி மாணவன் கிரணுக்கு வேலை கற்றுக்கொடுத்தார்.

முதல் வார முடிவில் கிரணின் லாக்புக்கில் வழக்கம்போல் சுதீர் சாராகக் கையெழுத்துப் போட்டார். பிறகு தன் லாக்புக்கைத் திறந்தார். பேனா காகிதத்துக்கு ஓரங்குலம் மேலே நின்றுவிட்டது.

மற்றவர்களுக்குப் போடலாம். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். கையெழுத்தில் பெயர்தான் வேறு, விஷயம் உண்மை. ஆனால் தன்னுடைய வேலை சரி என்று தானே எழுதித் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்வதா? சே! ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நன்மை வாங்குகிற மனிதர் அவர். மூடிவைத்துவிட்டார்.

மறுநாள் சுதீர் சாரிடம் நீட்டினார். "சார், இதுல நீங்கதான் போடணும்."

"நானா?" சுதீர் சார் நிஜமாகவே பயந்துவிட்டார். "யாக்கே, ஏன்? உனக்குக் கை வலியா?"

"இது என்னோடது சார். இதுல நான் போடக்கூடாது."

அன்றிலிருந்து பதினாறு வாரம் துரத்தல்தான். ஒரு வாரம் சலூனில், முகத்தில் நுரையோடு இருந்தவரிடம் வாங்கினார். ஒரு வாரம் சில்க் போர்டு சிக்னலில், கார் ஜன்னலுக்குள் லாக்புக்கை நீட்டி வாங்கினார். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துக் கன்னடத்தில் இருவருடைய பரம்பரையையும் விசாரித்தான். ஒரு தடவை சுதீர் சார் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடியே போட்டார். பதினாறு எறும்பும் சேர்ந்தாயிற்று. சர்டிஃபிகேட்டிலும் ஒரு எறும்பு ஓடியது. தியோடர் அதைக் கோயில் பிரசாதம் மாதிரி கையில் ஏந்திக்கொண்டு கல்லூரிக்குப் போனார்.

பயிற்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் பெர்னதெத் மேடம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டால் விசாரணை ஆரம்பம் என்று அர்த்தம். அவரிடம் ஒரு பழைய ஃபைல். அதில் அந்த ஆபீசிலிருந்து வந்த பத்தொன்பது சர்டிஃபிகேட்டுகளும் இருந்தன. முதலில் கிரணுடையதை எடுத்து, ஃபைலோடு ஒப்பிட்டுப் பார்த்து, முத்திரை குத்தினார். பிறகு தியோடருடையதை எடுத்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"தியோடர், உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"நீங்க இந்த வயசுல படிக்க வந்தீங்கன்னு எனக்கு உங்க மேல எவ்ளோ மரியாத தெரியுமா?"

"தேங்க்ஸ் மேடம்."

"தேங்க்ஸ் சொல்லாதீங்க. இது போலிக் கையெழுத்து."

"மேடம், அது அசல் மேடம்! அவரே போட்டாரு, என் கண்ணு முன்னால!"

பெர்னதெத் மேடம் கிரணின் சர்டிஃபிகேட்டைப் பக்கத்தில் வைத்தார். "இங்க பாருங்க. இதுதான் சுதீர் சார் கையெழுத்து. எவ்ளோ நீட்டா இருக்கு, கீழ கோடு, ரெண்டு புள்ளி. பதினஞ்சு வருஷமா பாக்கறேன், ஒரு புள்ளி மாறினதில்ல. உங்களோடத பாருங்க. கோழி கிளறின மாதிரி. ஏமாத்தணும்னா கொஞ்சமாவது பாத்துப் போடக்கூடாதா?"

தியோடருக்கு வாய்வரை வந்தது. நீட்டாக இருப்பதுதான் போலி, கோழி கிளறினதுதான் அசல் என்று சொல்ல வேண்டியதுதான். சொன்னால் என்ன ஆகும்? கிரணுடைய சர்டிஃபிகேட் போகும். ஃபைலில் இருக்கும் பத்தொன்பது பேருடையதும் போகும். பிள்ளைகுட்டியோடு இருக்கிற பத்தொன்பது ஆர்கிடெக்டுகள். வந்ததை அப்படியே விழுங்கிவிட்டார்.

"முப்பதாம் தேதிக்குள்ள சரியான கையெழுத்தோட கொண்டு வாங்க," என்றார் பெர்னதெத் மேடம். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இல்லன்னா இந்த செமஸ்டர் செல்லாது. அடுத்த வருஷம் மறுபடி மொதல்லேர்ந்து. உங்களுக்காகத்தான் இதோட விடறேன்."

வீட்டில் ஜோசஃபின் கதையைக் கேட்டாள். முதலில் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு, மறுபடி சிரித்தாள். அப்புறம் திடீரென்று கோபம் வந்துவிட்டது.

"என்னங்க, இதுல யோசிக்க என்ன இருக்கு? பேனாவ எடுங்க. நீங்களே போடுங்க. அந்தம்மா கண்ண மூடிக்கிட்டு முத்திரை குத்தும்."

"மாட்டேன் ஜோஸ்."

"பத்தொம்பது பேருக்குப் போட்டீங்க!"

"அவங்களுக்கு நான் சொல்லிக் குடுத்தேன். எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நானே எனக்குப் போட்டுக்கிட்டா அப்புறம் அது என்ன சர்டிஃபிகேட்டு?"

ஜோசஃபின் அவரையே பார்த்தாள். "அஞ்சு வருஷம் இந்த வீட்ல தெர்மக்கோல் தூள சோத்தோட சேத்துத் தின்னிருக்கோம். அத மட்டும் மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

விஷயத்தைக் கேட்ட சுதீர் சாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் கையெழுத்த என்னோடது இல்லன்னு சொல்ல அவங்க யாரு? வா, நானே வரேன்." இருவரும் மஞ்சள் லைன் மெட்ரோ பிடித்துப் போனார்கள். சுதீர் சார் வெண்கலக் குரலில் வணக்கம் சொல்லி, பேனாவை வாங்கி, பெர்னதெத் மேடத்தின் கண்ணெதிரே ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டார். எறும்பு ஓடியது.

பெர்னதெத் மேடம் தாளைப் பார்த்தார். ஃபைலைப் பார்த்தார். சுதீர் சாரை ஏற இறங்கப் பார்த்தார். அவ்வளவு உயரத்தைப் பார்க்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"ஆதார் இருக்கா?"

கொடுத்தார். மேடம் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டார். "ஆளு நீங்கதான், சார். கையெழுத்துதான் நீங்க இல்ல."

சுதீர் சார் வாயைத் திறந்தார். தியோடர் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தார். "மேடம், சாருக்குக் கையில... மணிக்கட்டுல பழைய அடி. வலிக்கறப்பல்லாம் கோணிக்குது."

"அய்யோ தேவ்ரே, ஆமா, ரொம்ப வலி," என்றார் சுதீர் சார், இடது கையைப் பிடித்துக்கொண்டு.

"அப்ப ஆறட்டும்," என்றார் பெர்னதெத் மேடம். "முப்பதாம் தேதி வந்து, என் முன்னால, இந்த ஃபைல்ல இருக்கற மாதிரி ஒரு தடவ போடுங்க. லாக்புக்ல இருக்கறதெல்லாம் கை வலிக்கறப்ப போட்டதுன்னு நான் எழுதிக்கறேன்."

முப்பதாம் தேதிக்கு இன்னும் பத்து நாள். சுதீர் சார் தன் கையெழுத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும். சொல்லிக்கொடுக்க ஊரில் ஒரே ஒரு ஆள்தான்.

மறுநாள் காலை சுதீர் சார் ஃபேனைப் போட்டதும் தியோடர் கதவைச் சாத்தினார். தன் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரவைத்தார். கிரணின் சர்டிஃபிகேட் நகலை ஒட்டி, மேலே, அடியில் இருப்பது தெரியும் பட்டர் பேப்பர் விரித்து, பென்சிலைக் கையில் கொடுத்தார். "மொதல்ல மேலயே இழுங்க சார். நாப்பது தடவ."

நாற்பதையும் சிவப்புப் பேனாவால் அடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"தியோ, இது என் கையெழுத்துய்யா! நான் எப்படிப் போட்டாலும் அதுதானே என் கையெழுத்து?"

"அது உங்க அபிப்பிராயம் சார். பெர்னதெத் மேடத்துக்கு வேற அபிப்பிராயம். எஸ்ஸ கீழேர்ந்து ஆரம்பிங்க. அவசரப்படாதீங்க. உங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம்."

போனை வாங்கி டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார். பார்க்க வந்த வாடிக்கையாளர்களை, "சார் முக்கியமான வேலைல இருக்காரு" என்று கிரண் திருப்பி அனுப்பினான். உள்ளே எட்டிப் பார்த்தவர்கள், பெரிய ஆர்கிடெக்ட் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரே எழுத்தை எழுதி எழுதிப் பார்ப்பதையும், பயிற்சி மாணவர் பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொள்வதையும் கண்டு சத்தமில்லாமல் இறங்கிப் போனார்கள்.

ஆறாம் நாள் சுதீர் சாருக்குப் போரடித்துவிட்டது. கை எழுதிக்கொண்டிருக்கக் கண் மேயப் போயிற்று. பக்கத்தில் தியோடர் வரைந்துகொண்டிருந்த படம் திரையில் இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆபீஸ் படத்தைப் பார்த்ததே இல்லை. வேறு வேலை இல்லாததால் பார்த்தார்.

"இது என்ன தியோ?"

"மாடிப்படி சார். அடியில பின்வாசலுக்குப் போற வழி."

"இந்த எடத்துல மேல பீம் வருதே. தரைலேர்ந்து எவ்ளோ?"

"அஞ்சடி பதினொண்ணு."

சுதீர் சார் பென்சிலை வைத்தார். மெதுவாக எழுந்து நின்றார். அவர் கை தானாக நெற்றிக்குப் போனது.

"நம்ம மொத வீடு, கோவிந்தராஜன் வீடு. அதுல?"

"அதே மாடிப்படிதான் சார். அன்னிக்கு வரஞ்சு வச்சேன். அப்புறம் எல்லா வீட்டுக்கும் அதையே எடுத்து ஒட்டிக்கறது. எதுக்கு ஒவ்வொரு தடவையும் புதுசா வரையணும்னு..." பாதியில் நிறுத்திவிட்டார்.

"எல்லா வீட்லயும் நான் தலைய இடிச்சிக்கிட்டிருக்கேன், தியோ," என்றார் சுதீர் சார். "ஒவ்வொரு கிரகப்பிரவேசத்துலயும். சரியா பின்பக்கம் போறப்ப, ணங்குன்னு. கண்ணுபட்டுருச்சுன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போனா என் பெண்டாட்டி பூசணிக்கா சுத்தி ஒடப்பா. எத்தன பூசணிக்கா!"

தியோடர் ஐந்தடி இரண்டு அங்குலம். அந்தப் பீமுக்குக் கீழே தொப்பியும் போட்டுக்கொண்டு நடக்கலாம். அவர் தலை அதுவரை எதிலும் இடித்ததில்லை.

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணினார். நாற்பத்து மூன்று வீடு. நாற்பத்து மூன்றிலும் அதே மாடிப்படி, அதே பீம். மூலையில் சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் அழகான எஸ், நீண்ட வால், அடியில் கோடு, இரண்டு புள்ளி. தன் வேலைக்குத் தானே கையெழுத்துப் போட மாட்டேன் என்று பதினாறு வாரம் வீராப்பாகத் திரிந்தாரே, இருபத்திரண்டு வருஷமாக வேறென்ன செய்துகொண்டிருந்தார்? வரைந்தவரும் அவர்தான், சரிபார்த்தவரும் அவர்தான். பார்க்க வேண்டிய இடத்தில் யாருமே இருக்கவில்லை.

"மாதாவே," என்றார் வாய்விட்டு.

"மொதல்ல சர்டிஃபிகேட். அப்புறம் தலை," என்றார் சுதீர் சார். ஆனால் அவர் குரலிலும் வெண்கலம் இல்லை. "நானும்தான் பாக்கல, தியோ. பாக்க வேண்டியவன் நான்தானே."

அன்று சாயங்காலம் தியோடர் வீட்டுக்கு வந்து, சர்டிஃபிகேட் வேண்டாம், எனக்கு அந்த லாயக்கு இல்லை, விட்டுவிடப் போகிறேன் என்றார். ஜோசஃபின் திருத்திக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை.

"அவர் உங்க தப்பக் கண்டுபிடிச்சாரா?"

"ம்."

"பக்கத்துல உக்காந்து பாத்து?"

"ம்."

"அப்ப இன்னிக்குத்தான் உங்களுக்கு ட்ரெய்னிங் ஆரம்பிச்சிருக்கு. ஆரம்பிச்ச அன்னிக்கே நின்னுடுவேன்னா எப்படி? போய்க் கைய கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

மீதி நாலு நாளும் அந்த மேஜையில் இரண்டு வேலை நடந்தது. சுதீர் சார் எஸ் போட்டுப் பழகினார், தியோடர் அடித்துத் திருத்தினார். தியோடர் மாடிப்படியைப் புதிதாக வரைந்தார், சுதீர் சார் குனிந்து பார்த்து, "இங்க இடிக்கும், இன்னும் ஏத்து" என்று திருத்தினார். யார் யாருக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கிரணுக்குப் புரியவில்லை. அவன் லாக்புக் ஏற்கனவே முடிந்துவிட்டதால் அவன் கேட்கவும் இல்லை.

முப்பதாம் தேதி பெர்னதெத் மேடத்தின் மேஜையில் சுதீர் சார் உட்கார்ந்தார். நெற்றியில் வியர்வை. நாக்கைக் கடித்துக்கொண்டார். கீழிருந்து ஆரம்பித்தார். எஸ் வளைந்தது. வால் நீண்டது. கோடு விழுந்தது. முதல் புள்ளி. தியோடர் மூச்சை அடக்கிக்கொண்டு மனசுக்குள் அந்தோணியாரைக் கூப்பிட்டார். இரண்டாவது புள்ளி.

மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஃபைலோடு வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இதுதாங்க அசல்," என்றார் கடைசியில். முத்திரை விழுந்தது. "பாத்தீங்களா தியோடர், முறையாப் போனா எல்லாம் நடக்கும்."

வெளியே வந்ததும் சுதீர் சார் கட்டிப்பிடித்துக்கொண்டார். மசால் தோசை சாப்பிடலாம், ஜோசஃபினுக்குப் போன் போடு என்றெல்லாம் குதித்தார். தியோடர் சர்டிஃபிகேட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்தார். உள்ளேயிருந்து அளவு டேப்பை எடுத்தார்.

"சார், கோவிந்தராஜன் வீட்டுக்குப் போலாம்."

"இப்பவா? ஆய்த்தப்பா, முடிஞ்சுது! நாளைக்குப் போலாம்."

"நாப்பத்து மூணு வீடு இருக்கு சார். இன்னிக்கே ஆரம்பிக்கணும். அந்தப் பீம எவ்ளோ ஒடச்சி ஏத்தலாம்னு அளக்கணும். நீங்க வந்து கீழ நில்லுங்க. எனக்கு உயரம் பத்தாது."

கோவிந்தராஜன் வீடு அடுகோடியிலேயே, ஆபீசிலிருந்து இரண்டு தெரு தள்ளி. கதவைத் திறந்தது அவர் மனைவி சீதாலட்சுமி. சுதீர் சாரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அட, ஆர்கிடெக்ட் சாரா! வாங்க, வாங்க. எத்தன வருஷமாச்சு!" அவர்கள் உள்ளே நடந்தார்கள். மாடிப்படிக்கு அடியில் போகும் வழியில் ஒரு அம்மன் படம் மாட்டி, விளக்கு ஏற்றியிருந்தது. பீமில் காய்ந்த பூச்சரம். சீதாலட்சுமி சிரித்துக்கொண்டே சொன்னாள், "வீட்டுக்கு வர்ற ஒசரமான ஆளுங்கல்லாம் இங்க வந்ததும் குனியறாங்க. சும்மா குனிவானேன்னு சாமி படம் மாட்டிட்டோம்."

ணங்.

சுதீர் சார் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். பேசிக்கொண்டே வந்ததில் மறந்துவிட்டார்.

தியோடர் டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அம்மா, இந்த வீட்ட வரஞ்சது சார் இல்லீங்க. நான்தான் வரஞ்சேன். இந்த எடத்த தப்பா வரஞ்சிட்டேன். சொல்லிட்டுச் சரிபண்ணிக் குடுக்கலாம்னு வந்தேன்."

சீதாலட்சுமி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் மாடியைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "என்னங்க! கீழ வாங்க! நம்ம வீட்ட வரஞ்சவரு வந்திருக்காரு!"

படியில் கனமான காலடிச் சத்தம் கேட்டது. கோவிந்தராஜன் ஆறடிக்கு மேல் ஒரு மனிதர். கடைசிப் படி இறங்கித் திரும்பி, வழக்கப்படி தலையைக் குனிந்து, பீமைத் தாண்டி, நிமிர்ந்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்த சுதீர் சாரை ஒரு தரம் பார்த்தார். பிறகு தியோடரிடம் வந்து, அவர் தோளில் இரண்டு கைகளையும் வைத்தார்.

"கிரகப்பிரவேசத்தன்னிக்கே இவரு இங்க மண்டைய இடிச்சிக்கிட்டாரு. தன் மண்டைய தானே இடிச்சிக்கற மாதிரி எவனாவது வரைவானா? வரஞ்சது இவரு இல்லன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும்," என்றார். "வாங்கய்யா. இருபது வருஷமா குனிஞ்சுக்கிட்டே உங்களத்தான் தேடிட்டிருக்கேன்."